வளரும் உடலும் மருந்தும்

பிள்ளையைச் சுவரோரம் நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போடுவது பல வீடுகளில் வழக்கம். கிரோன் நோய் கண்ட பிள்ளைக்கோ போன வருடக் கோடும் இந்த வருடக் கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழக்கூடும். வயிற்றுவலியும் பேதியும் தெரியவருவதற்கு முன்பே, சிலரிடம் இந்தக் குடல் அழற்சி வளர்ச்சிக் குறைவாகத்தான் வெளிப்படுகிறது.

ஸ்டீராய்டு அழற்சியை விரைவில் அடக்கும், பசி திரும்பும். கூடவே முகம் உப்பும், வகுப்பில் பட்டப்பெயர் விழும். மாதக்கணக்கில் நீண்டாலோ எலும்பு மெலியும், உயரம் தடைப்படும். நோய் பறிப்பதையே மருந்தும் பறிக்கிறது என்பதால்தான், கிரோன் நோயில் 6 முதல் 8 வாரம் சோறு, இட்லி எதுவுமின்றி ஊட்டச்சத்துப் பானத்தை மட்டுமே கொடுக்கும் முறையைக் குழந்தை மருத்துவர்கள் முதலில் நாடுகிறார்கள். வீடே சாப்பிட உட்காரும்போது தம்ளரோடு தனியே இருக்கும் அந்த வைராக்கியத்தைப் பத்து வயதிடம் நாம் கேட்கிறோம். நம்மில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

அதற்கும் அடங்காத நோய்க்கு இன்ஃப்ளிக்ஸிமேப் போன்ற ஊசிமருந்துகள் உண்டு. அமெரிக்காவில் 2006-இல் கிரோன் நோயுள்ள குழந்தைகளுக்கு இன்ஃப்ளிக்ஸிமேப் அனுமதி பெற்றது. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து என்பதால், உள்ளே காசநோய் உறங்குகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவார்கள். அசதயோப்ரின் என்ற மற்றொரு மருந்தோடு சேர்த்துத் தரும்போது, மிக மிக அரிதாக, பெரும்பாலும் இளம் ஆண்களிடம், ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வந்ததும் உண்டு. இதைக் கேட்ட பெற்றோரின் கை கையெழுத்திடத் தயங்கினால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பருவ வளர்ச்சிக்கென்று உள்ள காலம் நம் தயக்கம் தீரும்வரை காத்திராது. மருந்து வேண்டாம் என்று ஒதுங்குவதும் ஒரு தீர்மானமே. பெரியவர் தன் உடலுக்கு வரக்கூடியதைத் தானே எடைபோட்டுத் தானே ஏற்கிறார்; பிள்ளையின் விஷயத்திலோ, இன்னும் உருவாகி முடியாத ஒரு மனிதரின் எலும்பையும் உயரத்தையும் எதிர்காலத்தையும் அவர் சம்மதம் கேட்க வழியின்றி இன்றே நாம் நிர்ணயிக்கிறோம்; விளைவை அனுபவிக்கப்போகிறவர் ஒருவர், முடிவெடுக்கிறவர் வேறொருவர் என்ற இந்த இடைவெளியை எந்த அன்பாலும் முழுதாக நிரப்ப முடிவதில்லை.

ஓரளவு குறைக்கலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், அந்த மருந்தின் பெயரையும் அது என்ன செய்யும் என்பதையும் பிள்ளைக்கே நேராகச் சொல்லுங்கள். அது கேட்கும் கேள்விகளை மருத்துவரிடம் அதுவே கேட்கட்டும்.