மக்களுக்காகக் கையெழுத்திடுவோர்

ஒரு மக்களினத்தின் நன்மை எதுவென்பது அம்மக்களைவிடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று கருதும் ஒருவன், அவர்களது சம்மதமின்றி அவர்களுக்காக முடிவு செய்யலாமா? அறிவும் நல்லெண்ணமும் அவனுக்கு அந்த உரிமையைத் தருகின்றனவா? சமுதாய மாற்றத்தை விரும்பும் எவரும் என்றோ ஒருநாள் இவ்வினாவை எதிர்கொண்டே தீரவேண்டும். கற்றவர் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு இது இன்னும் நெருக்கமான வினா. இதனை வெறும் தத்துவமாக ஆராய்வதிலும், மண்ணையும் உயிரையும் விலையாகக் கொடுத்த ஒரு மக்களின் வரலாற்றில் வைத்து ஆராய்வதே பயனுடையது. அம்மக்கள் வட அமெரிக்காவின் செரோக்கிகள்.

அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதியே செரோக்கிகளின் தாயகம். இன்றைய வட கரோலினா, தென்னசி, ஜோர்ஜியா, அலபாமா ஆகிய மாநிலங்களின் பகுதிகளில் அவர்களுடைய ஊர்கள் ஆற்றோரங்களில் அமைந்திருந்தன. சோளமும் அவரையும் பூசணியும் அவர்களின் பயிர்கள். சோளத்தைக் குறிக்கும் 'செலு' என்ற சொல்லே அவர்களுடைய தொன்மக் கதைகளில் ஆதித் தாயின் பெயருமாகும். ஏழு குலங்களாக வாழ்ந்த அவர்களிடையே பிள்ளை தாயின் குலத்தையே சேர்ந்தது. வீடும் விளைநிலமும் பெண்களின் பொறுப்பில் இருந்தன. உழைப்பவள் கையில் நிலமும், நிலம் அவள் கையில் இருந்ததால் சபையில் அவள் சொல்லுக்கு மதிப்பும் இருந்தன.

ஊர்ச்சபை கூடிப் பேசும் முறையும் கவனிக்கத்தக்கது. தலைவன் கட்டளையிடுபவனல்லன், கேட்பவன், எடுத்துச் சொல்பவன், இணங்கச் செய்பவன். கருத்து ஒருமைப்படும்வரை பேச்சு நாட்கணக்கில் நீளும். இணங்க முடியாதவர்கள் விலகி நின்றனரேயன்றி, இணங்குமாறு ஒடுக்கப்படவில்லை. ஆண்டுதோறும் புதுச்சோள விழாவில் பழைய நெருப்பை அணைத்துப் புதுநெருப்பு மூட்டுவார்கள். கொலையொழிந்த ஏனைய குற்றங்கள் அன்று மன்னிக்கப்படும். பகையை முற்றவிடாது காக்கும் சமுதாய ஞானம் இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சமுதாயம் பெரிய மாற்றத்துக்குள்ளானது. வேட்டை நிலங்கள் ஒப்பந்தம் ஒப்பந்தமாகப் பறிபோயின. 'நாகரிகமடைந்தால் உங்கள் நிலம் உங்களுக்கே' என்று வாஷிங்டன் ஆட்சியாளர் சொல்லிவந்தனர். செரோக்கிகள் அச்சொல்லை நம்பினர். எழுத்தறியாத செக்கோயா என்பவர் தம் தாய்மொழிக்கு அசையெழுத்து முறையொன்றை 1821இல் ஆக்கி முடித்தார். சில ஆண்டுகளிலேயே மக்களிற் பெரும்பாலோர் அதைக் கற்றுக்கொண்டனர். 1827இல் எழுத்திலமைந்த அரசியலமைப்பும், 1828இல் 'செரோக்கி பீனிக்ஸ்' என்ற இருமொழிப் பத்திரிகையும் தோன்றின.

ஆனால் இந்த நாகரிகத்தின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. நிலத்தை விற்கவேண்டாமென்று 1817இல் நான்சி வார்டும் ஏனைய பெண்களும் சபைக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். பத்தாண்டுகளின் பின் எழுதப்பட்ட அரசியலமைப்பு அப்பெண்களுக்கு வாக்குரிமையே வழங்கவில்லை. வெள்ளைப் பண்ணையாரைப் பார்த்துச் செல்வந்தச் செரோக்கிகளும் கறுப்பு மக்களை அடிமைகளாக வாங்கினர். 1835ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி செரோக்கிகள் ஏறத்தாழ 16,500 பேர். அவர்களிடமிருந்த அடிமைகள் ஏறத்தாழ 1,600 பேர். பின்னால் எதிரெதிராக நின்ற தலைவர்களான ஜோன் றொஸ், மேஜர் றிட்ஜ் இருவருமே அடிமை உடைமையாளர்கள்தாம்.

நாகரிகம் நிலத்தைக் காக்கவில்லை. ஜோர்ஜியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. பருத்திப் பண்ணைகளுக்கு மண்ணும் தேவைப்பட்டது. 1830இல் ஜனாதிபதி ஜாக்சன் கையொப்பமிட்ட அகற்றற் சட்டம், பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97 என்ற வாக்குகளால் நிறைவேறியது. ஜோர்ஜியா மாநிலம் செரோக்கிகளின் அரசைச் செல்லாததாக்கி, வெள்ளையருக்கெதிராக அவர்கள் சாட்சி சொல்வதையும் தடுத்து, அவர்களின் நிலத்தைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டது. 1832இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் செரோக்கிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தும் ஜோர்ஜியா பணியவில்லை. ஜாக்சனும் அதைப் பணியவைக்கவில்லை. படைபலம் துணை நிற்காத தீர்ப்பு தாளில் கிடந்தது.

இங்கேதான் நமது வினா உயிர்பெறுகிறது. மேஜர் றிட்ஜ், அவர் மகன் ஜோன் றிட்ஜ், பீனிக்ஸ் பத்திரிகையின் ஆசிரியர் எலியாஸ் பூடினோ ஆகியோர் முதலில் வெளியேற்றத்தை வன்மையாக எதிர்த்தவர்கள். பொதுநிலத்தை விற்ற தலைவனொருவனை 1807இல் கொன்றவர்களில் மேஜர் றிட்ஜும் ஒருவர். அனுமதியின்றி நிலம் விற்பவனுக்கு மரணமே தண்டனை என்ற வழக்கை 1829இல் சபை சட்டமாகவும் எழுதிற்று. ஆயினும் நீதிமன்றத் தீர்ப்பும் பயனற்றுப் போனபின் இவர்கள் மனம் மாறினர். நிலம் எப்படியும் போகப்போகிறது, மக்களையாவது காப்போம் என்பது அவர்கள் வாதம். அறியாமையிலிருக்கும் பெரும்பான்மை, தன் நிலையை உணர்ந்திருந்தால் எதைச் செய்யுமோ அதை உணர்ந்த சிறுபான்மை செய்வது நியாயமே என்று பூடினோ பின்னர் எழுதினார்.

1835 டிசம்பர் 29ஆந் திகதி, நியூ எக்கோட்டாவில் ஏறத்தாழ இருபது பேர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். ஐம்பது இலட்சம் டொலருக்கு, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கேயிருந்த நிலமனைத்தும் கைமாறியது. தேசிய சபை அவர்களுக்கு அதிகாரம் வழங்கவில்லை. முதன்மைத் தலைவரான றொஸ் அங்கே இருக்கவுமில்லை. பதினையாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களைத் தாங்கிய எதிர்ப்பு மனு வாஷிங்டனை அடைந்தது. எனினும் வேண்டிய மூன்றிலிரு பங்கு ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் கிடைக்க, செனற் சபை 1836இல் ஒப்பந்தத்தை ஏற்றது.

1838 மே மாதத்தில் ஜெனரல் ஸ்கொட்டின் படையினர், துப்பாக்கி முனையில் மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்றி அடைப்புகளில் நிறைத்தனர். அடைப்புகளிலும் மேற்கு நோக்கிய நெடும்பயணத்திலுமாக இறந்தோர் ஏறத்தாழ நாலாயிரம் என மதிப்பிடப்படுகிறது. அடிமைகளும் அவ்வழியே நடந்தனர். அவர்களுக்கு இழக்கச் சொந்த நிலமும் இருக்கவில்லை. மேஜர் றிட்ஜ் போன்றோரோ 1837லேயே, ஒப்பீட்டளவில் வசதியாகப் போய்ச்சேர்ந்திருந்தனர். 1839 யூன் 22ஆந் திகதி இரு றிட்ஜ்களும் பூடினோவும் கொல்லப்பட்டனர். அதற்குப்பின் பல ஆண்டுகள் செரோக்கிகளின் இரத்தத்தைச் செரோக்கிகளே சிந்தினர்.

கையொப்பமிட்டவர்களை வெறும் துரோகிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாம் அவ்வாறு ஒதுக்கவில்லை. அவர்களின் கணிப்பில் ஒரு பாதி உண்மையாயிற்று: நிலம் போகத்தான் போனது. ஆயினும் அவர்களின் வாதத்தில் ஒரு பிழை இருக்கிறது. உணர்ந்திருந்தால் மக்கள் இதையே செய்வார்கள் என்றார் பூடினோ. மனுவில் பெயரிட்டவர்கள் தங்கள் நிலையை உணராதவர்களா? நிலம் பறிபோகக்கூடுமென்பது அவர்களுக்கும் தெரியும். அதைத் தம் கையால் எழுதிக்கொடுக்க மறுத்தார்கள், அவ்வளவே. தோற்பதும் இணங்குவதும் ஒன்றல்ல. மேலும், முடிவைச் செய்தவர் வேறு, அதன் முழுச்சுமையைத் தாங்கியவர் வேறு. அறிவு ஒருவனுக்கு எடுத்துச் சொல்லும் கடமையைத் தருகிறது. பிறருக்காகக் கையெழுத்திடும் உரிமையைத் தருவதில்லை.

அப்படியானால் மறுதரப்பில் குற்றமே இல்லையா? இருக்கிறது. வெளியேற்றம் பற்றிய விவாதத்தைப் பத்திரிகையில் வெளியிடலாகாதென்று றொஸ் தடுத்தார். அதனால் 1832இல் பூடினோ ஆசிரியர் பதவியைத் துறந்தார். நாட்கணக்கில் பேசி இணங்கிய ஒரு மரபு, ஆபத்து வந்த வேளையில் பேச்சின் வாயை அடைத்தது. வெளிப்படையாகச் சொல்ல இடமிராத கருத்து இரகசியமாகக் கையெழுத்திடப் போகும். ஒற்றுமையின் பெயரால் விவாதத்தை ஒடுக்கும் இயக்கங்கள் இப்பாடத்தை மறக்கலாகாது.

பெரும்பான்மையின் சொல் என்பதனால் மட்டும் அது நீதியாகிவிடுமா? அதற்கும் இவ்வரலாறே விடை தருகிறது. விடுதலைபெற்ற அடிமைகளுக்கும் அவர்களின் சந்ததிக்கும் செரோக்கிகளுக்குரிய உரிமைகள் யாவும் உண்டென்று 1866ஆம் ஆண்டு ஒப்பந்தம் கூறிற்று. 2007இல் செரோக்கி தேசத்தின் வாக்காளரில் நான்கில் மூன்று பங்கினர், இரத்தத்தாற் செரோக்கிகள் அல்லாதோர் என்று சொல்லி அச்சந்ததியினரை விலக்க வாக்களித்தனர். பத்தாண்டு வழக்கின் பின் 2017இல் அமெரிக்கச் சமஷ்டி நீதிமன்றமொன்று அவர்களின் உரிமையை உறுதிசெய்தது. 2021இல் செரோக்கி தேசத்தின் உயர் நீதிமன்றமே, 'இரத்தத்தால்' என்ற சொல்லைத் தன் அரசியலமைப்பிலிருந்து நீக்கிற்று. ஒடுக்கப்பட்டவன் ஒடுக்கமாட்டான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சுமையைத் தாங்குவோரை வெளியே நிறுத்திவிட்டு எண்ணப்படும் வாக்கு, எத்தனை பெரிதாயினும், இருபது பேரின் கையெழுத்தைவிட மேலானதன்று.

ஆகவே நம் முடிவு இதுதான். ஒரு முடிவின் சுமையைத் தாங்கப்போகிறவர்கள் அனைவரும் அதைச் செய்வதில் பங்குபற்றவேண்டும். பங்குபற்றுமுன் தாராளமாகப் பேசவும் கேட்கவும் அவர்களுக்கு இடம் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், அறிவாளியின் நல்லெண்ணமும் பெருங்கூட்டத்தின் ஆரவாரமும் ஒரே பிழையில் சென்று முடியும்.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். றிட்ஜையும் றொஸையும் நாம் நிறுத்துப்பார்க்கும் வேளையில், அந்தக் கொடிய தெரிவை அவர்கள்முன் வைத்த கை தராசிலிருந்து நழுவிவிடலாகாது. நிலத்தைக் கொடுப்பதா, படையை எதிர்கொள்வதா என்ற வினாவைச் செரோக்கிகள் எழுப்பவில்லை. பொன்னுக்கும் பருத்திக்கும் அலைந்தவர்களே அதை எழுப்பினார்கள். முதற்குற்றம் அவர்களுடையதே.