வில் ஊன்றிய இடம்

அமெரிக்காவில் கௌபாய் வேடமிட்டுச் சுடும் போட்டி ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அதில் சுடுவதற்கு, 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரை அப்படியே பார்த்து இத்தாலியில் இன்றும் செய்கிறார்கள். போட்டிக்கு இரண்டு வேண்டும். அதனால் வாங்குவதும் ஜோடியாக, விற்பதும் ஜோடியாக. விற்றவருக்கு இடுப்பில் கனம் குறையும். மனத்தில் குறையுமா? இராமேசுவரக் கடற்கரையில் நின்று கேட்க வேண்டிய கேள்வி இது. ஆயுதத்தைக் கீழே வைப்பது பற்றி இந்த மண் நெடுங்காலமாக யோசித்து வந்திருக்கிறது.

போர் முடித்துத் திரும்பிய இராமன் இங்கே வெற்றிவிழா எடுக்கவில்லை. இராவணனைக் கொன்ற பிரமகத்தி தோஷம் தீர, சீதை மணலில் பிடித்த லிங்கத்தை வணங்கினான் என்கிறது தலபுராணம். கொன்றது தர்மத்துக்காகத்தான். ஆனாலும் தோஷம் ஒட்டிக்கொண்டது. நியாயம் நம் பக்கம் இருந்தால் கை சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கோயிலுக்கு ஒருமுறை வர வேண்டும்.

அதன்பின் அந்த வில் என்ன செய்தது? சீதைக்குத் தாகமெடுத்தபோது இராமன் வில்லை ஊன்றினான், நன்னீர் வந்தது என்பார்கள். தங்கச்சிமடத்தருகே கடலுக்குள் இருக்கும் வில்லூண்டி தீர்த்தம் அதுதான். சுற்றிலும் உப்பு, கிணற்றுக்குள் குடிநீர். தனுஷ்கோடியில், விபீடணன் கேட்டுக்கொண்டபடி, வில்முனையால் சேதுவை உடைத்தான். இரண்டு வேலைக்கும் நாணேற்ற வேண்டியிருக்கவில்லை. அம்பும் தேவைப்படவில்லை. அதே வில், அதே கை. உள்ளே இருந்த ஒன்று மட்டும் அடங்கியிருந்தது.

ஆயுதம் பற்றி இந்த மண்ணுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1801 அக்டோபர் 24 அன்று, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ், மக்கள் தம் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஈட்டியும் வளரியும் எறியத் தனக்குக் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று கர்னல் வெல்ஷ் பிற்பாடு எழுதினார். அந்த வெல்ஷும் மருதுகளை எதிர்த்த படையில் இருந்தவர்தான். ஆணை போட்டுப் பறித்தெடுத்ததை யாராலும் துறவு என்று சொல்ல முடியாது. வளரி போயிற்று, வலி தங்கிவிட்டது.

இராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் அரண்மனையில் இராஜராஜேஸ்வரி சந்நிதி இருக்கிறது. நவராத்திரி அங்கே பெரிய விழா. ஆயுத பூஜையன்று ஆயுதத்தை அம்மன்முன் வைப்பார்கள். அன்று அதைத் தொட்டுப் பயன்படுத்துவதில்லை. மறுநாள் எடுக்கும்போது, தன்னுடையது என்று எடுப்பதற்கும் அவள் தந்தது என்று எடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆண்டுக்கு ஒருநாள் கையை விலக்கிப் பழகினால்தான் அது புரியும் என்று நம்புகிறேன்.

ரிவால்வர் ஜோடியை விற்பவர் தன் விருப்பத்தில் விடுகிறார். பறிகொடுத்தவரின் வேதனை அவருக்கு இல்லை. இன்னும் நல்ல ஜோடி வாங்கலாம் என்று விற்றால், கை மாறியது இரும்பு மட்டும்தான். கைக்கு வயதாகிவிட்டது, போதும் என்று விற்றால் அது வேறு. ஆனால் அப்போதும் ஒரு கடமை மிச்சமிருக்கிறது: யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பது. உரிமம் தேவைப்படும் துப்பாக்கியை அது இல்லாதவருக்கு விற்கக் கூடாது என்கிறது நம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். விபீடணனின் கவலையும் ஏறக்குறைய அதுதான். இராமன்மேல் அவனுக்குச் சந்தேகம் இல்லை. பாலம் அப்படியே கிடந்தால் பின்னால் எந்தப் படை அதன்மேல் வரும் என்பதைத்தான் அவன் யோசித்தான்.