மண்டை ஓடு அபசகுனமா?

கேள்வி: பழைய வெளிநாட்டு அச்சுப்படம் ஒன்றை எங்கள் பங்குச் சாமியார் கொடுத்தார். புனித ஜெரோம் அறையில் உட்கார்ந்து எழுதுகிறார். ஜன்னலோரம் மண்டை ஓடு, முன்னால் சிங்கம். மண்டை ஓட்டுப் படம் வீட்டுக்கு ஆகாது என்கிறார் மாமியார். மாட்டலாமா?
– ஒரு வாசகி, நெல்லிவாசல்நாடு, ஜவ்வாது மலை

பதில்: தாராளமாக மாட்டுங்கள். நூரெம்பர்க் நகரத்து ஆல்பிரெக்ட் ட்யூரர் 1514-இல் செப்புத் தகட்டில் செதுக்கிய படம் அது. ஜெரோமின் தலையிலிருந்து மேசை மேலுள்ள பாடுபட்ட சுரூபம் வழியாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நேரே மண்டை ஓட்டில் போய் நிற்கும். சாவைச் சிலுவை வழியாகப் பார் என்கிறார் ஓவியர். பின்சுவரில் மணற்கடிகாரம்: நேரம் போகிறது, வேலையை முடி. சாம்பல் புதனன்று நெற்றியில் பூசிக்கொள்கிறோமே, அதே பாடம்தான். இதில் அபசகுனம் எங்கிருந்து வந்தது? சுவரில் தொங்கும் கர்தினால் தொப்பி மட்டும் பிற்கால மரியாதை. அந்தத் தொப்பி 13-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஜெரோம் 420-இலேயே இறந்துவிட்டார்.

சிங்கத்தின் கதை எனக்கு உயிர். பெத்லகேம் மடத்துக்குள் ஒரு சிங்கம் நொண்டியபடி நுழைந்தது. துறவிகள் ஓட்டம் பிடித்தார்கள். ஜெரோம் அதன் காலிலிருந்து முள்ளை எடுத்துக் கட்டுப்போட்டார். அது மடத்திலேயே தங்கிவிட்டது. விறகு சுமக்கும் கழுதைக்கு அதைக் காவல் வைத்தார்கள். ஒருநாள் சிங்கம் கண்ணயர்ந்த நேரத்தில் வணிகர்கள் கழுதையைத் திருடிப் போனார்கள். சிங்கம்தான் தின்றுவிட்டது என்று முடிவுகட்டிய துறவிகள், விறகுச்சுமையை அதன் முதுகிலேயே ஏற்றினார்கள். அது சுமந்தது, உறுமவில்லை. பின்பு அதே வணிகர்கள் அந்த வழியே திரும்பியபோது, கழுதையை அடையாளம் கண்டு, அவர்களுடைய ஒட்டகங்களையும் சேர்த்து மடத்துக்கு ஓட்டி வந்தது. இது முதலில் யோர்தான் கரைத் துறவி கெராசிமுவின் கதை. பெயர்க்குழப்பத்தில் ஜெரோமிடம் வந்தது என்பர் அறிஞர். யாருடையதானால் என்ன? வீண்பழி வரும்போது வாயை அடக்கச் சொல்லும் கதை. மாமியாருக்கும் சொல்லுங்கள்; நீங்களும் கேளுங்கள்.

கேள்வி: புனிதர்கள் கையிலுள்ள பொருள்களை வாங்கி வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் வருமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: வராது. ஜெபமாலையைக் கையில் எடுங்கள்.

கேள்வி: செபஸ்தியார் அம்பு பட்டுத்தானே இறந்தார்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. இரேன் என்ற விதவை மருந்திட்டுப் பிழைக்கவைத்தார். பிழைத்தவர் ஓடி ஒளிந்தாரா? பேரரசன் தியோக்ளேசியன் முன்னால் போய் நின்று கண்டித்தார். தடியால் அடித்துக் கொன்றார்கள் என்பது மரபு. தேர்ப்பவனியில் அம்புகளைப் பார்க்கும்போது அந்த இரண்டாவது துணிச்சலை நினையுங்கள்.

கேள்வி: நம் மண்ணின் புனிதர்களுக்கும் இப்படி அடையாளப் பொருள் உண்டா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: ஏன் இல்லை? தேவசகாயத்தின் கையில் சங்கிலி. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டவர். 2022 மே 15 அன்று புனிதரானார். 1693-இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தருக்கு ஓரியூரின் செம்மண்ணே அடையாளம். புன்னைக்காயலில் என்றிக்கே என்றிக்கஸ் சாமியார் 1586-லேயே புனிதர் வரலாறுகளைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தார். 400 ஆண்டுகளுக்குப் பிறகும் சொந்தப் பெயர்ப் புனிதரின் கதை தெரியாமல் மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றினால் போதுமா? வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோயில் சுரூபத்தின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதன் கதையைக் கேட்டறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.