படியேறும் யந்திரத்தின் கணக்கு



சென்னையிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலர், ஜிம்மில் படியேறும் யந்திரத்தின் திரையைப் படம் பிடித்துக் கைபேசியில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "இன்று 100 மாடி" என்று மகன் எழுதுகிறான். தாய்க்குப் பெருமை பாதி, கவலை பாதி.

அந்த யந்திரம் சுழலும் படிக்கட்டு. நாம் ஏற ஏறப் படி கீழே இறங்கும். ஆள் நின்ற இடத்திலேயே இருப்பான். (1818-ல் இங்கிலாந்தில் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக் கைதிகளை வேலை வாங்க இப்படியொரு மிதிசக்கரத்தை அமைத்தார். இன்று நாம் காசு கொடுத்து மிதிக்கிறோம்!) திரையில் படி, மாடி, கலோரி, நாடித்துடிப்பு எல்லாம் தெரியும். 70 கிலோ எடையுள்ளவன் 10 அடி உயரமுள்ள ஒரு மாடி ஏறினால், உடல் செலவிடுவது ஏறக்குறைய 2 அல்லது 2½ கலோரி. ஆகவே 100 மாடி என்பது நாலைந்து இட்டிலிக்குச் சமானம்.

ஆனால் இரு பக்கமும் கைப்பிடி இருக்கிறதே! அதில் சாய்ந்து உடற்பாரத்தைக் கைகளில் இறக்கினால் கால்களுக்கு வேலை குறையும். யந்திரமோ அதை அறியாது; முழு எடையும் ஏறியதாகவே கலோரியைக் கூட்டும். நாடி மாத்திரம் ஓரளவு காட்டிக்கொடுக்கும். இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது: எண் சரியாயிருக்க, அதைச் சொல்கிறவன் பொய்யனாயிருக்கக் கூடுமா?

கூடும். காலடியில் 100 மாடிப் படிகள் கடந்தது மெய். அவன் 100 மாடி ஏறினான் என்பது மெய்யல்ல. தலைசுற்றல் உள்ளவர்களும் வயோதிகரும் கைப்பிடியைப் பிடித்தே ஏறட்டும், அது பாவமல்ல. பிடித்ததை மறைத்து எண்ணை மட்டும் காட்டுவதில்தான் வஞ்சகம் இருக்கிறது. ஜெபமாலையில் 53 அருள்நிறை மந்திரமும் விரலில் ஓடிவிட, மனம் மீன் ஏலத்தில் நிற்பதும் இதே கணக்குத்தான்.

எண்ணும் ஏறியதும் இரண்டும் மெய்யானால்? லூக்காஸ் சுவிசேஷம் 18-ம் அதிகாரத்துப் பரிசேயனைப் பாருங்கள். வாரத்தில் 2 நாள் ஒருசந்தி, வருமானத்தில் பத்திலொரு பங்கு. அவன் கணக்குத் தப்பு என்று சேசுநாதர் சொல்லவில்லை. அதை வாசிக்கும்போது அவன் கண் பின்னால் நின்ற ஆயக்காரன்மேல் போயிற்று, கெட்டது அங்கே.

நமது சீமையில் பனையேறும் தகப்பன்மாரை நினைத்துப் பார்க்கிறேன். மரம் 50 அடி, நாளுக்கு 30 மரம், காலையும் மாலையும் என்று வைத்துக்கொண்டால் 3,000 அடி. யந்திரக் கணக்கில் 300 மாடி. திரையுமில்லை, கைப்பிடியுமில்லை. ஆனால் இதைச் சொல்லி மகனை மட்டந்தட்டினால் நாமும் பரிசேயன் பக்கத்தில் போய் நிற்போம். பிள்ளை நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து உழைத்துவிட்டு, சாயங்காலம் உடம்பைப் பேண ஏறுகிறான். அதுவும் சர்வேசுரன் தந்த உடம்புதானே.

அவனுக்கு நான் சொல்வது இது. அதே வேகத்தில், கைப்பிடியை விட்டு, அதே நேரம் ஏறு. போன மாதத்தைவிட நாடி நிதானமாக அடிக்கிறதென்றால் உன் இருதயம் பலப்பட்டிருக்கிறது. அடுத்த யந்திரத்தில் ஏறுகிறவனின் திரை உனக்கு எதற்கு?

சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்களும், அயலானைப் பற்றிய கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் தங்களிடம் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.