மேலிருந்து பார்ப்பது யார்?

கூகுள் எர்த்தில் சேர்வராயன் சாமி தெரியாது. உச்சி தெரியும். ஏறக்குறைய 1,620 மீட்டர் என்று திரையின் ஓரத்தில் எண் வரும். மேடைபோல் தட்டையான மேடும், கட்டடத்தின் கூரையும், வண்டிகள் நிற்கும் செம்மண் திடலும் தெரியும். ஆனால் சாமி இருப்பது குகைக்குள். உள்ளே இருட்டு. படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் கூரையும் பாறையும்தான் கிடைக்கும்.

"கோயில் இருக்குது, சாமியக் காணோமுங்க சார்" என்றான் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். வகுப்பு சிரித்தது. சிரிக்காத ஒரு பெண் கேட்டாள்: "அப்ப இத யாரு சார் மேலருந்து பாக்குறாங்க?"

செயற்கைக்கோள் என்று பதில் சொன்னேன். அது சரியான பதில்தான், ஆனால் அவள் கேட்டது அதை இல்லை என்று அவள் முகமே சொன்னது.

ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றின் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். பேசுவது தமிழ், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய பழங்கதை. தமிழ்நாட்டின் இயற்கைப் பிரிவுகள் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில்தான் விரிவாக வருகின்றன. மலையில் பிறந்த பிள்ளை தன் மலை எந்தத் தொடரைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்று ஏழாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறேன். ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு இது எளிதாகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டால் நெட் போய்விடும். அதனால் கூகுள் எர்த், இஸ்ரோவின் புவன் இரண்டிலிருந்தும் வேண்டிய படங்களை முந்தின இரவே எடுத்து பென்டிரைவில் போட்டுக்கொள்வேன்.

பாடம் நன்றாகவே போகும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே சுவராக எழுந்து நிற்பதையும், கிழக்குத் தொடர்ச்சி மலை ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று துண்டு துண்டாகக் கிடப்பதையும் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுகிறார்கள். சுண்ணாம்புக் கட்டியால் நான் பல வருடம் போர்டில் வரைந்தது எதுவும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. இருந்தும் அந்தப் பெண்ணின் கேள்வி என்னை விடவில்லை. எங்கும் நிற்காமல் எல்லாவற்றையும் பார்க்கிற கண் ஒன்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்திருக்கிறேன். நம்மில் பலர் கடவுளை நினைத்துவைத்திருப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான்: மேலே, வெகு மேலே, ஒன்றும் தப்பாத பார்வையோடு. அப்படியென்றால் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது கடவுளின் பார்வையா?

இல்லை என்றே நினைக்கிறேன். அப்படி நினைக்க வைத்தது அந்தக் குகைதான்.

குகைக்குள் சேர்வராயன் தனியாக இல்லை. கூடவே காவேரியம்மன். சேர்வராயன் மலை, அம்மன் ஆறு. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். காவிரியோ மேட்டூர் வழியாகத் தன் பாட்டுக்குப் போகிறது; இந்த மலையின் மேல் அது ஓடவில்லை. பிறகு ஏன் அவள் இங்கே? இதை வைத்தே ஒரு பாடம் நடத்தினேன். புவன் படத்தில் ஆளுக்கொரு ஓடையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் போகிற வழியே கோடு இழுக்க வேண்டும். ஒரு கூட்டம் சரபங்கா வழியாக இறங்கியது. இன்னொன்று திருமணிமுத்தாற்றில் இறங்கி, சேலம் நகரத்துச் சாக்கடைகளையெல்லாம் கடந்து தெற்கே போனது. கடைசியில் இரண்டு கோடும் காவிரியில் போய் முட்டின. "அம்மா வீட்டுக்குத்தான் போகுது" என்று யாரோ கத்தினார்கள். பாடப்புத்தகம் வடிநிலம் என்று சொல்லுகிற ஒன்றை, இவர்களுடைய முன்னோர்கள் ஒரு கருவறையாக வைத்திருந்திருக்கிறார்கள். வரைபடம் இல்லாமல், உயரே பறக்காமல், மழை பெய்யும்போது மலைச்சரிவில் நின்றவர்கள் கண்டறிந்தது இது. எல்லா ஓடையும் அங்கே போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: கிழக்கே இறங்கும் நீரில் ஒரு பகுதி வெள்ளாற்றுப் பக்கம் போகிறது. அந்தக் கோட்டை இழுத்த பையனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

தொல்காப்பியம் இந்த இடத்தில் எனக்குப் பெரிய துணை. நிலத்தையும் பொழுதையும் அது முதற்பொருள் என்கிறது. தெய்வம் அதற்குப் பிறகுதான், கருப்பொருளில் வருகிறது. உணவும் விலங்கும் மரமும் பறவையும் பறையும் தொழிலும் இருக்கிற அதே வரிசையில் தெய்வமும் நிற்கிறது. குறிஞ்சிக்குச் சேயோன், முல்லைக்கு மாயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன். பக்தர் ஒருவருக்கு இது உறுத்தலாம். படைத்தவனை எப்படி நிலத்துக்குப் பின்னால் வைக்கலாம்? எனக்கோ இதில்தான் ஆழம் தெரிகிறது. இந்தத் தெய்வம் நிலத்தை வெளியிலிருந்து பார்ப்பதில்லை, அதற்குள்ளிருந்து விளைகிறது. சைவ சித்தாந்தம் இதைத் தன் வழியில் சொல்லும்: உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும். மலையைச் சார்ந்த உயிர் மலையின் வண்ணம். எதையுமே சாராத பார்வைக்கு என்ன வண்ணம் இருக்கும்?

ஜெர்மன் தத்துவவாதி கான்ட் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கோனிக்ஸ்பெர்க்கில் இயற்கைப் புவியியல் பாடம் நடத்தியவர் என்பது பலருக்குத் தெரியாது. வாத்தியார் என்ற முறையில் எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. 1768இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் சொல்வது: திசை நம் உடம்பிலிருந்து தொடங்குகிறது. வான வரைபடமே கையில் இருந்தாலும், என் இடது எது வலது எது என்று தெரியாவிட்டால் கிழக்கைக் காண முடியாது. ஸ்மார்ட் போர்டில் படத்தைச் சுழற்றினால் பிள்ளைகள் உடனே தலையைச் சாய்க்கிறார்களே, அதுதான் இது.

உயரத்துக்கும் தெய்வத்துக்கும் நம் நாட்டில் ஒரு விசித்திரமான மோதலும் நடந்திருக்கிறது. 1802இல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து நாட்டையே அளக்கத் தொடங்கிய லாம்ப்டன், தஞ்சைக்கு வந்தபோது ஏறி நின்று பார்க்க மலை இல்லாமல் தவித்தார். எங்கும் வயலும் தென்னையும். கோயில் விமானங்களும் கோபுரங்களும்தான் உயரம். 1808இல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோயிலில் மோதிச் சிதைந்தது. அவர் அதை உட்கார்ந்து திருத்தி மறுபடி அளந்தார். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் கோயிலின் உச்சி அவருக்கு நிற்கும் இடமாக மட்டுமே தேவைப்பட்டது. கீழே கருவறையில் இருந்தவருக்கு அந்த அளவையில் வேலை இல்லை.

இன்று நாம் திரையில் காணும் உயரங்களில் பெரும்பகுதிக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினொரு நாள் ரேடாரால் எடுத்த அளவுகள். அடர்ந்த மரங்கள் இருக்கும் இடத்தில் அந்த ரேடார் அலை தரைவரை முழுதாக இறங்காது. மரத்தலையை ஒட்டியே திரும்பிவிடும். எங்கள் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு சில்வர் ஓக் நெடுநெடுவென்று நிற்கிறது, மிளகுக் கொடியைத் தாங்கிக்கொண்டு. ஆக, தரையென்று வந்த எண்ணில் கொஞ்சம் மரமும் சேர்ந்திருக்கும். இதை வகுப்பில் சொன்னதும் மிளகு பறிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஒரே பெருமை. விண்கலத்துக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரியுமாம்.

பிரிவு என்பதே எங்கே இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இயற்கைப் பிரிவின்படி நாங்கள் கிழக்குத் தொடர்ச்சி மலை. வேளாண் காலநிலை மண்டலம் ஏழாகப் பிரிக்கும்போது, அடிவாரத்துச் சேலம் வடமேற்கு மண்டலத்தில் போக, நாங்கள் நீலகிரியோடும் கொடைக்கானலோடும் மலை மண்டலத்தில் சேர்கிறோம். பாட்டிகளைக் கேட்டால் இரண்டும் கிடையாது. சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடு. நீ எந்த நாடு என்பதில் உறவும் சடங்கும் அடங்கியிருக்கும். இதற்கான கோட்டை எந்தத் திரையிலும் நான் பார்த்ததில்லை. மூன்றில் எது உண்மை என்று பிள்ளைகள் கேட்டார்கள். விளைச்சலுக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்றேன்.

இவ்வளவையும் மதியச் சாப்பாட்டு வேளையில் எங்கள் அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். அவர் கத்தோலிக்கர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேலேயிருந்து பார்த்தா இந்த மூணு நாட்டுக்கும் நடுவுல கோடு தெரியுதா சார்?" என்றார்.

"தெரியாது."

"அப்ப அதுதான் கடவுள் பார்வை. யாரு எந்த நாடுன்னு பார்க்காத பார்வை. உள்ளேயே உட்கார்ந்திருக்கிற சாமிக்கு உள்ளூர்க்காரங்கதானே தெரிவாங்க?"

அதோடு விடவில்லை. என் பென்டிரைவை வாங்கிப் போர்டில் போட்டு ஓர் இடத்தைக் காட்டினார். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டிய பகுதி. சாலையில் போனால் மரங்கள்தான் தெரியும்; வருடக்கணக்கில் பேருந்தில் கடந்தும் நான் பார்த்ததில்லை. மேலேயிருந்து மலையின் தோல் உரிந்து சிவப்பாகக் கிடந்தது. "மலைதான் சாமின்னா, அந்தச் சாமிக்கு என்ன ஆச்சுன்னு காட்டினது இந்தக் கண்ணுதான் சார்" என்றார்.

இதற்கு என்னிடம் அரைப் பதில்தான் இருந்தது. படத்தைப் பார்த்த பையன் ஒருவன், அது தன் தாத்தா மாடு மேய்த்த இடம் என்று சொன்ன பிறகே எனக்கு அது குழியாகத் தெரிந்தது. அதற்கு முன் அது வெறும் நிறம். கண் மேலே இருக்கலாம், வலி கீழேயிருந்துதான் வர வேண்டியிருக்கிறது என்றேன். வலியைக் கொண்டுவரக்கூட முதலில் யாராவது காட்ட வேண்டுமே என்றார் டீச்சர். மணி அடித்துவிட்டது. வரும் சனிக்கிழமை அந்த இடத்துக்கு வகுப்பை நடத்திக்கொண்டு போகிறோம். மண்ணை அவர் எடுத்துக்கொள்கிறார், வரைபடம் என் பொறுப்பு. பையனின் தாத்தா வழிகாட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார், அன்று மிளகுக் காட்டில் வேலை இல்லாவிட்டால்.