விழுந்த குருவிக்கு யார் பொறுப்பு?

மஸ்அலா கேட்டு வருகிறவருக்குப் பதில் சொல்வதில் அவசரம் கூடாது என்று, ஓதுகிற காலத்திலேயே எங்கள் உஸ்தாதுமார்கள் சொல்லித் தந்தார்கள். அதை மறந்து நான் சொன்ன ஒரு பதிலையும், அதனால் ஒரு சின்னஞ்சிறு உயிர் பட்ட பாட்டையும் இங்கே எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கூண்டுப் பறவைகள் நம் வீடுகளில் பெருகிவிட்ட இந்நாளில் இது பலருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு நாள் லுஹர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் என்னை நிறுத்தினார். அவருடைய மகன் எங்கள் மக்தபில் ஓதுகிற பத்து வயதுப் பையன்.

"ஆலிம்சா, பெருநாளைக்குப் பையனுக்கு ஒரு ஜோடிக் குருவி வாங்கிக் கொடுத்தேன். 'பின்ச்' என்கிறார்களே, சிவந்த மூக்குக் குருவி, அதுதான். ஒன்றுக்கு நாலு நாளாகச் சுகமில்லை. கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. கம்பில் உட்கார்ந்தால் நிலைகொள்ளாமல் கீழே விழுகிறது. சத்தமும் இல்லை, பறப்பும் இல்லை. இனி அதை வைத்து என்ன பயன்? பையனோ சோறு தின்னாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என்ன செய்யலாம்?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டே பதில் சொன்னேன். "கூண்டைத் திறந்து விட்டுவிடுங்கள் காக்கா. காலையில் பசியோடு போய் மாலையில் வயிறு நிறைந்து திரும்புகிற பறவைக்கு ரிஸ்கு கொடுப்பவன் அல்லாஹ்தானே! அவன் பார்த்துக்கொள்வான்."

அவர் திருப்தியோடு போனார். நானும் நல்ல பதில் சொன்ன நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

அன்று அஸருக்குப் பின் அந்தப் பையன் பள்ளிவாசலுக்கு ஓடி வந்தான். கையில் அவனுடைய தொப்பி. தொப்பிக்குள் அந்தக் குருவி. தலை முதுகுப் பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. வாப்பா அதை மதில்மேல் வைத்தாராம். அது பறக்கவில்லை, தெருவில் விழுந்தது. இரண்டு காகங்கள் வந்துவிட்டன. பையன் கல்லெடுத்து அவற்றை விரட்டிவிட்டுக் குருவியை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான்.

"உஸ்தாது, நீங்கதான் விடச் சொன்னீங்களாமே?" என்று கேட்டான்.

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு கிதாபுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் விட்டுவிட்ட சொல்

பறவைக்கு ரிஸ்கு கிடைப்பதைப் பற்றிய அந்த ஹதீஸ், உமர் (ரலி) அவர்கள் அறிவித்துத் திர்மிதீயில் பதிவாகியிருப்பது. தவக்குலின் உண்மையை விளக்க நாயகம் (ஸல்) அவர்கள் பறவையை உவமை காட்டினார்கள். ஆனால் அந்தப் பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருந்து வயிறு நிறைவதாக அவர்கள் சொல்லவில்லை. அது காலையில் புறப்பட்டுப் போகிறது! கூண்டுப் பறவையின் 'புறப்பட்டுப் போதல்' எங்கே? அதைத்தான் நாம் கம்பி கட்டித் தடுத்துவிட்டோமே! அதன் பயணத்தை நாம் நிறுத்திய அன்றே, அந்தப் பயணத்தில் அதற்குக் கிடைக்க வேண்டியதைக் கொண்டுவந்து கொடுக்கும் பொறுப்பும் நம்மிடம் வந்துவிட்டது.

அதிலும் இந்தக் குருவி நம் நாட்டுப் பறவையன்று. ஆஸ்திரேலியா இதன் தாயகம். நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடித்து அடைப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுப்பதால், கடைகளில் விற்கப்படும் பின்ச் குருவிகள் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. நல்ல உடல்நலத்தோடு இருந்தாலும் நம் ஊர்த் தெருவில் இரை தேடிப் பிழைக்க அதற்குத் தெரியாது. நிலைகொள்ளாமல் விழுகிற குருவி எப்படிப் பிழைக்கும்?

பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸை அறியாதவர் நம்மில் யார்? இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது அது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தின்னட்டும் என்று விடவும் இல்லை. அதனால் தண்டனைக்கு உள்ளானாள். ஆகவே உணவு கொடு, இல்லையேல் விட்டுவிடு, இரண்டில் எது செய்தாலும் தப்பிவிடலாம் என்று நாம் விளங்கிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் விளங்கியிருந்தேன். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுமனே 'விடுதல்' என்று நிறுத்தவில்லை. தானாகத் தின்னும்படி விடுதலையே சொன்னார்கள். தின்ன இயலாத உயிரை விடுவது விடுதலையா? அது கண்ணுக்கு மறைவாக நடக்கும் பட்டினியன்றோ! விட்டவருக்கு நிம்மதி, விடப்பட்டதற்கு மரணம். அந்த மரணத்துக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டியவன் நான். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

பயன் போனபின் உரிமை போகுமா?

'இனி அதை வைத்து என்ன பயன்?' என்று அவர் கேட்டார். நான் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான்.

ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர். தமது 'கவாயிதுல் அஹ்காம்' என்னும் கிதாபில், மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். அதில் முதலாவது, அதற்குரிய உணவைக் கொடுப்பது. கிழடாகியோ, தீராத நோயில் விழுந்தோ, அதனால் எந்தப் பயனும் இல்லாத நிலை வந்துவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த இமாமுக்கு நம்முடைய சாக்குப்போக்கு தெரிந்திருக்கிறது!

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நம் மத்ரஸாக்களில் ஓதப்படுகிற கிதாப். உண்ண ஹலாலான பிராணிக்குத் தீனி கொடுக்க மறுப்பவன் மூன்றில் ஒன்றைச் செய்யும்படி கட்டாயப்படுத்தப்படுவான் என்று அதில் வருகிறது: தீனி கொடுக்க வேண்டும், அல்லது விற்க வேண்டும், அல்லது அறுக்க வேண்டும். இம்மூன்றில் 'தெருவில் விட்டுவிடு' என்பது இல்லை என்பதைக் கவனியுங்கள்.

விற்கலாமா? விற்கலாம். ஆனால் கழுத்துத் திருகுகிற நோயை மறைத்து விற்பது மோசடி. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்ற வியாபாரியை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாறு முஸ்லிமில் உண்டு. நோயைச் சொன்னால் எந்தக் கடைக்காரர் வாங்குவார்?

அறுக்கலாமா? தானியம் தின்னும் இத்தகைய சிறு குருவிகள் ஹலாலானவையே. எனவே கூரிய கத்தியால், பிஸ்மி சொல்லி, முறைப்படி அறுத்தால் குற்றம் சொல்ல இயலாது. ஆனால் கையைக் கத்திக்குக் கொண்டுபோகுமுன் நிய்யத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தேற வழியில்லை, வேதனைதான் மிச்சம் என்று அறிந்தவர் சொன்னபின் அதற்கு ஓய்வு தருகிறோமா? அல்லது பார்த்துப் பார்த்துத் தீனி வைக்கும் தொல்லையிலிருந்து நமக்கு ஓய்வு தேடுகிறோமா? இரண்டுக்கும் கத்தி ஒன்றுதான், கேள்விகணக்கு ஒன்றல்ல.

அதன் சத்தம் நின்றுவிட்டதாமே! இறகு விரித்த பறவைகள் ஒவ்வொன்றும் தன் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்திருக்கிறது என்று திருமறையின் அந்நூர் அத்தியாயம் கூறுகிறது. அந்தத் தஸ்பீஹ் நம் கூடத்தில் உட்கார்ந்து ரசிப்பதற்காக மட்டும் அருளப்பட்டதா? நம் காதுக்குக் கேட்காததால் அது நின்றுவிட்டது என்று யார் சொன்னது?

வீட்டில் செய்ய வேண்டியவை

மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போனேன். "நான் சொன்னது தவறு காக்கா" என்று அவரிடமும், அந்தப் பையனிடமும் சொன்னேன். பிறகு மூவருமாகப் பறவை வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரைத் தேடிப் போனோம். அவரிடம் கேட்டறிந்ததைச் சொல்கிறேன்.

நிலைகொள்ளாமல் விழுவது தனி நோயன்று. பல நோய்களின் அடையாளம். உட்காதில் திரவம் நிறைந்த நுண்ணிய வளைகுழாய்கள் உள்ளன. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மூளைக்கு அறிவிப்பவை அவையே. மனிதனுக்கும் அப்படித்தான், தலைசுற்றல் கண்டவர்களுக்கு அக்குருவியின் நிலை புரியும். காதில் சீழ் பிடித்தாலும், சுவரில் மோதித் தலையில் அடிபட்டாலும், உணவில் சில வைட்டமின்கள் குறைந்தாலும், கூண்டின் பழைய பெயிண்டிலிருந்து ஈயம் உள்ளே போனாலும், சில வைரஸ் நோய்களாலும் இது வரலாம். ஆகவே மனிதர்களுக்குரிய மாத்திரையை நாமே உடைத்துக் கொடுக்கக் கூடாது.

ஏறத்தாழ 12 கிராம் எடையுள்ள உடல் அது. ஒரு நாள் தீனி இறங்காவிட்டாலும் உயிருக்கு ஆபத்து. எனவே நோயுற்ற குருவியைச் சிறிய கூண்டில் தனியாக வைக்க வேண்டும். வைரஸாக இருந்தால் மற்றதற்கும் தொற்றும். உயரக் கம்பிகளை எடுத்துவிட்டுத் தரையில் நூல் பிரியாத துணியை மடித்து விரிக்க வேண்டும். தினையை அதன் வாய்க்கு எட்டும்படி தரையிலேயே வைக்க வேண்டும். தண்ணீரை பாட்டில் மூடி போன்ற ஆழமற்றதில் வைக்க வேண்டும். ஆழமான கிண்ணத்தில் தலை கவிழ்ந்தால் மூழ்கிவிடும். கூண்டின் ஒரு பக்கத்துக்கு வெளியே சிறு பல்பு எரியவிட்டு, 30 டிகிரி அளவில் இதமான சூடு கொடுக்க வேண்டும். சூடு மிகுந்தால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடமிருக்க வேண்டும். பூனையும் இரைச்சலும் அண்டக் கூடாது. ஆசையினால் அடிக்கடி கையில் எடுக்கவும் கூடாது. இந்தக் கடைசிப் பாடம்தான் பையனுக்குக் கடினமாக இருந்தது.

செலவும் கேள்வியும்

குருவியின் விலையைவிட வைத்தியச் செலவு அதிகமாயிற்று. "எத்தனையோ ஏழைகள் இருக்க, ஒரு குருவிக்கு இவ்வளவா?" என்று பள்ளிவாசலில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். உணவும் நீரும் பாதுகாப்பும் அதன் ஹக்கு. அவற்றை நிறுத்த நமக்கு அதிகாரமில்லை. மருந்து இஹ்ஸான் என்னும் நற்செயலைச் சேர்ந்தது. சக்திக்கு ஏற்பச் செய்ய வேண்டியது. மனைவி மக்களின் பங்கையோ, கடன்காரனின் பங்கையோ எடுத்துச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் ஏழையின் நினைவு குருவியை வாங்குகிற அன்று வராமல், அது விழுகிற அன்று மட்டும் ஏன் வருகிறது? அந்தக் கேள்வியைக் கடை வாசலிலேயே கேட்டுக்கொள்வோமாக! நோயுற்றால் பார்க்க மனமும் வசதியும் இல்லாதவர் வாங்காமலிருப்பதே மேல்.

நம் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலும் ஒரு குருவி இருந்தது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் சின்னப் பிள்ளை. அவர் ஒரு 'நுகைர்' வளர்த்தார். சிவந்த மூக்குள்ள சிறு குருவி இனம் அது என்று ஹதீஸ் விளக்க அறிஞர்கள் எழுதுகின்றனர். அது இறந்துபோய் பிள்ளை சோகமாக இருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லி அழைத்து, குருவி என்னவாயிற்று என்று பரிவோடு விசாரித்தார்கள். இந்த ஹதீஸில் என்ன பயன் இருக்கிறது என்று சிலர் ஏளனம் செய்தபோது, ஹிஜ்ரி 335இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இதிலிருந்து அறுபது பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார்கள். குழந்தை பறவை வளர்க்கலாம் என்பதும் அவற்றுள் ஒன்று. ஆனால் அந்த அனுமதி வைத்து மகிழ்வதற்குத்தான், வதைப்பதற்கன்று என்றும் அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். சமுதாயத்தின் சுமையெல்லாம் தாங்கிய நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஒரு குருவியைப் பற்றி விசாரிக்க நேரம் இருந்தது. எனக்கு மட்டும் செருப்பு மாட்டுகிற நேரம்தான் இருந்தது!

பெற்றோர்களே! 'போனால் போகிறது, வேறு வாங்கலாம்' என்று குழந்தையிடம் சொல்லிவிடாதீர்கள். உபயோகம் உள்ளவரை வைத்துக்கொள், போனதும் எறி என்னும் பாடத்தை அது அன்றே கற்றுக்கொள்ளும். கம்பில் நிற்க முடியாத குருவிக்குத் தினையைத் தரையில் வைக்கக் கற்ற பிள்ளைதான், நாளை எழுந்து நிற்க முடியாத வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் கஞ்சியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும்.

அக்குருவி விழுவது மூன்று வாரங்களில் குறைந்தது. தலைச்சாய்வு இன்னும் முழுதாக நீங்கவில்லை, பறக்கவும் இல்லை. தரையோடு ஒட்டிய கம்பில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து தினை கொத்துகிறது. பையன் மக்தபுக்கு வரும் முன் தண்ணீர் மாற்றிவிட்டுத்தான் வருகிறான்.

நம் கையில் ஒப்படைத்த ஒவ்வோர் உயிரையும், அதனால் நமக்குப் பயன் இருக்கும்போதும் இல்லாதபோதும், அமானத்தாகப் பேண வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.