காசும் விடுதலையும்

பணம் பாதாளம் வரைக்கும் பாயும்னு சொல்றாங்க. பாதாளம் வரைக்கும் பாயுற அந்தப் பணம், எங்க காலனியிலிருந்து நாலு எட்டு தள்ளியிருக்கிற ஊர்த்தெருவுக்குள்ள மட்டும் ஏன் பாய மாட்டேங்குது? என் வயசுப் பிள்ளைகளோடு பேசும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எனக்குள் முட்டுகிறது. "கூட்டம், கொடின்னு திரிஞ்சு என்னத்தக் கண்டோம்? சம்பாதி. நாலு காசு வந்துட்டா எவன் ஜாதியைக் கேக்கப் போறான்?" என்பது அவர்கள் பேச்சு. இயக்கத்து மூத்தவர்களோ, "இந்தத் தலைமுறை நுகர்வு மோகத்தில் அழிந்து போச்சு, பைக்கும் செல்போனும் இருந்தா போதும் இதுகளுக்கு" என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

முதலில் மூத்தவர்களுக்கு. காசை இளப்பமாகப் பேசுவது, வேண்டிய அளவு காசைப் பார்த்துவிட்டவர்களுக்குத்தான் கட்டுபடியாகும். எங்க தாத்தா படியாள். கூலி நெல்லு, மத்தியானம் கூழு, வருஷத்துக்கு ஒரு துண்டு. நெல்லை அளந்து கொடுத்து பஸ்ஸில் டிக்கெட் வாங்க முடியாது. அந்த நெல்லுக்கு ஒரு முகம் இருந்தது, படியளக்கிற ஆண்டையின் முகம். காசுக்கு முகமில்லை. அதை மடியில் முடிந்துகொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போகலாம். எங்கப்பா அப்படித்தான் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். அவர் அனுப்பின காசு வீட்டில் இருந்ததால்தான், "நாளைக்குக் களை எடுக்க வந்துடு" என்று ஆள் வந்து சொன்னபோது எங்கம்மா "வரல" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு விலை உண்டு. எங்க வம்சத்தில் அதற்கு முன்னால் யாருக்கும் அதை வாங்குகிற வசதி இருந்ததில்லை.

1968 டிசம்பர் 25ஆம் தேதி ராத்திரி கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பொம்பளைங்க, பிள்ளைங்க, வயசானவங்க. கூலியாகக் கொஞ்சம் நெல் கூடக் கேட்டு, சங்கம் கட்டி நின்றதற்காக. கூட ஒரு படி நெல் கொடுத்தால் ஆண்டையின் பத்தாயம் காலியாகிவிடாது. 'கேட்கிறான்' என்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. அதனால் நல்ல சட்டை போட்ட எங்க பையனைப் பார்த்து மோகம் என்று சொல்லாதீங்க. சட்டை போடக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்று அடித்த மண்ணில் சட்டையும் அரசியல்தான். கோட்டும் சூட்டுமாக நிற்கிற அம்பேத்கரை நம்ம சனம் ஆசை ஆசையாகச் சிலை வைக்கிறதே, அது வெறும் துணி மேலுள்ள ஆசையா?

இனி என் கூட்டாளிகளுக்கு. காசுக்கு முகமில்லை, சரி. ஆனால் அதைப் பிடிக்கிற கைக்கு முகம் இருக்கிறதே. அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் ஒரு சம்பவம் வருகிறது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் சக்வாரா என்றொரு ஊர். யாத்திரை போய்த் திரும்பிய ஒரு தீண்டத்தகாதவர் தன் சனங்களுக்கு விருந்து வைக்கிறார். சொந்தக் காசு. சாப்பாட்டில் நெய் ஊற்றினார். அவ்வளவுதான். சாதி இந்துக்கள் தடியோடு வந்து, சோற்றைப் பாழாக்கி, சாப்பிட்டவர்களை அடித்து விரட்டினார்கள். நெய் வாங்கக் காசு இருந்தது. நெய் தின்ன உரிமை இல்லை. பொருளாதாரம் முதலில் சரியாகட்டும், சாதி தானாகப் போகும் என்று அன்றைக்குப் பேசிய சோசலிஸ்டுகளுக்கும் அந்த நூலிலேயே அவர் பதில் வைத்திருக்கிறார்.

அது பழைய கதை என்பீர்கள். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் என்ன நடந்தது? வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்து, நல்ல வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்த தலித் கிராமம் அது. நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் புகுந்து டிவி, மின்விசிறி, தையல் மிஷின் என்று கண்ணில் பட்டதையெல்லாம் நொறுக்கினார்கள். படிப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் தப்பவில்லை. கிணற்றுத் தண்ணியை நஞ்சாக்கினார்கள். எதைக் குறி வைத்தார்கள் என்று பாருங்கள். ஆளை நிமிர்த்தி வைக்கிற சாமான் எதுவோ அதை. 2012 நவம்பர் 7இல் தர்மபுரி பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளிலும் அதே கதை. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சேர்த்த நகையையும் பணத்தையும் அள்ளிக்கொண்டு, அதற்கப்புறம்தான் வீட்டுக்குத் தீ வைத்தார்கள்.

இன்னொரு கைக்கும் காசு இருந்தது. அது என்ன செய்தது? வெண்மணி வழக்கில் உயர்நீதிமன்றம் பண்ணையார்களை விடுதலை செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, அவர்களில் பெரும்பாலோர் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர், அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்பது. அவன் கையில் இருக்கும் காசு அவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ். நம்ம கையில் இருந்தால், "உனக்கு ஏது இவ்வளவு காசு?" ஒரே நோட்டுதான், ஒரே காந்தி படம்தான். சென்னையில் நானும் என் தோழியும் வீடு தேடி அலைந்தபோது முன்பணம் கையில் தயாராக இருந்தது. வாடகை பேசி முடித்த பிறகு, "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வரும். பதில் சொன்னதும் வீடு வேறு ஆளுக்கு முடிந்துபோயிருக்கும்.

அப்போ காசு வேண்டாமா? வேணும். ஆனால் எதுக்கு என்பதில் தெளிவு வேணும். சந்தையில் எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதைச் சுதந்திரம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கம்மா வாங்கியது அதையல்ல, "வரல" என்ற சொல்லை. என் தலைமுறை அதைத்தான் தவணைக்கு விற்றுக்கொண்டிருக்கிறது. பைக்குக்குத் தவணை, போனுக்குத் தவணை, வீட்டில் அம்மாவுக்கு வாராவாரம் குழுக்கடன். கெடுபிடி வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது என்றால் கடன் எங்கே வந்து நிற்கிறது என்று யோசிச்சுக்குங்க. தவணை பாக்கியுள்ளவனை மேஸ்திரி ஜாதி சொல்லித் திட்டினாலும் மறுநாள் வேலைக்குப் போய் நிற்கத்தான் வேண்டும். கொத்தடிமையை ஒழிக்க 1976இல் சட்டம் வந்தது. அதற்கப்புறமும் செங்கல் சூளையில் அட்வான்ஸ் வாங்கிய குடும்பம் அது தீரும்வரை நகர முடியவில்லை. வாங்கின காசு விலங்காகிறது என்பது நமக்குப் புது விஷயமா?

நம்ம வீட்டுக்குள்ளேயும் பார்க்க வேணும். சுமங்கலித் திட்டம் என்று கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து மில்களுக்கு நம்ம பொண்ணுங்க போனாங்க. மூணு வருஷம் ஹாஸ்டலுக்குள் அடைபட்டு வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. அந்தத் தொகையும் யாருக்குப் போகும்? மாப்பிள்ளை வீட்டுக்கு. சம்பாதிக்கிற பொண்ணின் ஏடிஎம் கார்டு அண்ணன் பையில் இருக்கிற வரைக்கும், ஆண்டையைப் பற்றிப் பேசுகிற நம்ம வாயும் பாதி வாய்தான். அவளும் "மாட்டேன்" என்று சொல்ல முடிய வேண்டாமா?

அதனால் நான் வைத்திருக்கிற அளவுகோல் சின்னது. எவ்வளவு சம்பாதிக்கிறோம் என்று கேட்பதைவிட, அவமானப்படுத்துகிறவனிடம் போகாமல் எத்தனை நாள் அடுப்பு எரியும் என்று கேட்போம். பத்து நாளா, ஒரு மாசமா? அந்த நாட்கள்தான் நம்ம சொத்து. தனி ஆளாக ஒரு மாசம் தாங்குவது கஷ்டம். பத்து வீடு சேர்ந்து ஒரு பொதுப்பணம் வைத்தால் தாங்கலாம். வேலைக்குப் போகாமல் நிற்கிற வீட்டுக்கு அரிசி, வழக்கு நடத்துகிற வீட்டுக்கு பஸ் செலவு. "கூட்டம் எதுக்கு" என்று கேட்கிற என் கூட்டாளிகளுக்கு என் பதில் இதுதான்.

1927 மார்ச் 20இல் மகாத் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானவர்களும் தண்ணி குடித்தார்கள். அந்தத் தண்ணிக்கு யாரும் விலை வைக்கவில்லை. ஆடு மாடு குடித்தது. நம்ம சனத்துக்குத்தான் இல்லை. எவ்வளவு காசு கொண்டுபோனாலும் அந்தக் கையளவு தண்ணியை வாங்கியிருக்க முடியாது. சேர்ந்து நடந்து போய்த்தான் எடுத்தார்கள். அங்கே போய்ச் சேரும் வழிச்செலவுக்குக் காசு வேணும். அதுக்குத்தான் சம்பாதிக்கணும்.